வட்டமாக உட்கார்ந்த வகுப்பு

நானுஓயா ரயில் ஸ்டேஷனில் நனைந்து கிடந்த சாக்குகளின் வாடை இன்று மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய கோபம்தான் வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில், தகரக் கூரையில் மழை இரைய, அப்படிப்பட்ட சாக்குகளில்தான் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து, அர்த்தம் தெரியாமலே வாத்தியார் சொன்னதைத் திருப்பிக் கத்திக்கொண்டிருப்போம். அவருக்குப் பின் வந்த மேரி டீச்சர் சாக்குகளை வட்டமாகப் போட்டு, வாசிக்கத் தெரிந்தவளுக்குப் பக்கத்தில் தெரியாதவளை உட்காரவைத்து, "ஒருத்திகிட்ட ஒருத்தி கேட்டுப் படிங்க" என்றார். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத என் சிநேகிதி செல்லம்மா, என் தோளில் சாய்ந்தபடி எழுத்துக் கூட்டி ஒரு வரி முழுக்க வாசித்துவிட்டு, "டீச்சர், வாசிச்சிட்டேங்க!" என்று கூவினாள்.

சத்தம் கேட்டு, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி உள்ளே வந்தார்.

"இது பள்ளிக்கூடமா, சந்தையா? கொழுந்தெடுக்கப் போறதுகளுக்கு இதெல்லாம் எதுக்கு?"

"பேசித்தாங்க பிள்ளைங்க படிப்பாங்க" என்றார் டீச்சர்.

கங்காணி தோட்டத்து முதலாளித் துரையிடம் போய்ப் புகார் சொன்னார். அந்த வாரமே டீச்சரை அனுப்பிவிட்டார்கள். நாங்கள் மறுபடி வரிசையில் உட்கார்ந்து கத்தினோம். கொஞ்ச நாளில் செல்லம்மாவையும் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்து கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். முதல் நாள் காலையில், முதுகில் கூடையோடு பள்ளிக்கூட வாசலில் நின்று, "அடுத்த வரி என்னாடி?" என்று என்னைக் கேட்டாள். நான் சொல்வதற்குள் கங்காணி அவளை அதட்டி விரட்டினார்.