தண்ணீர் புகாத பெட்டி

என் சகலை மீது எனக்கு இருந்தது பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில், மளிகை மண்டிகளுக்கு நடுவே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். நான் திருச்செங்கோட்டில் ஒன்று வைத்திருந்தேன். அவர் கலர் படம் எடுக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் கழித்துத்தான் நான் கலர் ஃபிலிமைக் கையால் தொட்டேன். எடப்பாடிப் பக்கம் இருந்த மாமியார் வீட்டுக்கு நான் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தால், அவர் ஸ்கூட்டரில் என்னைத் தாண்டிப் போவார். தாண்டிப் போனவர் திரும்பி வந்து ஏற்றிக்கொள்வார். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு போர்வெல் வண்டி முதலாளிக்கு வித்தியாசமாக ஒரு காலண்டர் போட ஆசை வந்தது. கிணற்றுக்குள் பாறையில் பக்கவாட்டில் துளை போட்டு ஊற்றைப் பிடிப்பது அவருடைய தொழில். அந்தத் துளையிலிருந்து தண்ணீர் பீறிடுவதைத் தண்ணீருக்கு அடியிலேயே படம் எடுக்க வேண்டும் என்றார். தினமும் என் ஸ்டுடியோ வாசல் வழியாகத்தான் அவர் கார் போகும். ஆனால் வேலையைக் கொடுத்தது செவ்வாய்ப்பேட்டைக்கு. அன்று முழுக்க நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், சகலைக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு ஆள் ஆழம் முங்கி, அறுபது எண்ணும்வரை மூச்சைப் பிடிப்பேன். என் அப்பா மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தவர் என்பதால் வாஷர், ரப்பர் வளையம் இதெல்லாம் எனக்கு அத்துப்படி. சகலை நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, கேமராவத் தண்ணிக்குள்ள கொண்டுபோறதுக்குப் பெட்டி மெட்ராசுல கெடைக்குதாமுங்க. எது நல்லது எது கெட்டதுன்னு எனக்கு என்னங்க தெரியும்? நீங்க வந்து பாத்துச் சொல்லோணும். கெணத்துல எறங்கறதும் நீங்கதான்."

காலண்டருக்கு அடியில் அவர் ஸ்டுடியோ பெயர் இருக்கும். மூச்சைப் பிடிப்பது நானாக இருக்கும். சரிங்கண்ணா, வாரேன் என்றேன்.

வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு மெட்ராஸ் கடையில் இரண்டை எடுத்துப் போட்டார்கள். ஒன்று கெட்டியான பிளாஸ்டிக் பை. முன்னால் கண்ணாடி, உள்ளே விரல் விட்டு அமுக்க ஒரு கையுறை, வாயை மூட இரண்டு பட்டைகளும் திருகுகளும். இன்னொன்று அலுமினிய வார்ப்புப் பெட்டி. மூடிக்கு நான்கு கொக்கிகள், விளிம்பைச் சுற்றி வெட்டிய காடிப் பள்ளத்தில் உட்கார்ந்த கறுப்பு ரப்பர் வளையம்.

நான் முறையாகத்தான் பார்த்தேன். வளையத்தைக் கழற்றி இழுத்துவிட்டேன். வெடிப்பு இல்லை, இழுத்தது பழையபடி சுருங்கியது. காடியில் நகத்தை ஓட்டினேன். எங்கும் தட்டவில்லை. ஷட்டரை அமுக்கும் கம்பி பெட்டிச் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒன்றுக்கு இரண்டாக வளையம் போட்டிருந்தார்கள். நான்கு கொக்கிகளும் ஒரே இறுக்கத்தில் விழுந்தன. பையை மடித்துப் பார்த்தேன். மடிப்பில் பிளாஸ்டிக் வெளுத்துப் போயிருந்தது. வெளுத்த இடம் அடுத்து வெடிக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் எதை வாங்க வேண்டும் என்று.

"பையே வாங்கிக்கலாமுங்கண்ணா" என்றேன். "பெட்டின்னா சுத்தியும் மூட்டு. எங்க வேணாலும் தண்ணி பூரும். பைக்கு வாய் ஒண்ணுதானுங்களே."

எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அந்தப் பொய்! சகலை யோசித்தார். ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டு வாங்கினார். பெட்டிக்குள்ளும் பைக்குள்ளும் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு மூடி முக்கச் சொன்னார். டீ குடித்துவிட்டு வந்து திறந்தோம். இரண்டு தாளும் காய்ந்தே இருந்தன. அவர் பெட்டியைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"கைக்குக் கனமா இருக்குதுங்க தம்பி. இதே இருக்கட்டுமே. கோவிச்சுக்காதீங்க."

அவர் என் பேச்சைத் தட்டியது அதுதான் முதல் தடவை. சேலம் வந்து சேரும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

படம் எடுக்க மாமியார் கிணற்றையே முடிவு செய்தோம். அங்கேதான் புதிதாகப் பக்கத்துளை போட்டிருந்தார்கள். முதல் நாள் காலிப் பெட்டியில் தாளைப் போட்டு, எடைக்கல் கட்டி, கயிற்றில் இறக்கி ஒரு மணி நேரம் வைத்தோம். தாள் மொடமொடவென்று வெளியே வந்தது. பெட்டி நல்ல பெட்டி. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் உச்சி வெயில் நேராகக் கிணற்றுக்குள் விழும் நேரம். பங்காளிகள், அக்கம்பக்கத் தோட்டக்காரர்கள் எல்லாரும் கிணற்று மேட்டில் கூடிவிட்டார்கள். கேமராவை உள்ளே வைத்தாயிற்று. புதுச் சாமான் எதுவானாலும், லாரியோ தறியோ மோட்டாரோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் எங்கள் பக்கம் தொடங்க மாட்டார்கள். பொட்டுக் கிண்ணத்தைக் கொண்டுவந்த மாமியார் அதைப் பெரிய மகளிடம் நீட்டினார். மாமனார் தவறிய பிறகு அவர் எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நிற்பதில்லை.

"நீங்களே வெய்யுங்கத்தை" என்றார் சகலை.

"நானெதுக்குங்க சாமி... அவ வெக்கட்டும்."

"நீங்க வெச்சாத்தான் நான் தொடங்குவனுங்க."

கூட்டத்தில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். மாமியாருக்குக் கை நடுங்கியது. திறந்திருந்த பெட்டியின் மூடியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு அப்போதும் பொறாமைதான். என் ஸ்டுடியோவைத் திறந்த அன்று இது எனக்குத் தோன்றவில்லையே! யாரோ ஒரு சுமங்கலியைத் தேடிப் பிடித்து வந்தேன். மாமியார் பின்னால் நின்றிருந்தார்.

"தம்பி, மூடறதுக்கு முன்னால ஒருக்காப் பாத்துப்போடுங்க" என்றார் சகலை.

பார்த்தேன். வளையத்தின் வலதுபக்க மூலையில், கிரீஸ் தடவிய கறுப்பின்மேல், குங்குமம் சிந்தியிருந்தது. ஒரு மிளகளவு. சந்தனத்தின் ஈரத்தில் கட்டியாக ஒட்டியிருந்தது. விரலால் வழித்துவிட்டால் போதும். பட்டறையில் வளர்ந்தவனுக்கு, வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு மணல் கிடந்தால் என்னவாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சரியா இருக்குதுங்கண்ணா" என்றேன்.

அவர் நான்கு கொக்கிகளையும் போட்டார். நான் பெட்டியோடு முங்கினேன். துளையிலிருந்து நீர் வேகமாக வந்துகொண்டிருந்தது. வண்டலைக் கிளப்பி, வெயில் பட்டு, புகை மாதிரி சுழன்றது. உண்மையிலேயே நல்ல படம். அதை எடுக்கப் போகிறவன் நான், பெயர் அவருக்கு. பெட்டியின் வலது மூலையிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. அப்போதே மேலே வந்திருந்தால் கேமரா பிழைத்திருக்கும். நான் நிதானமாக நான்கு படம் எடுத்தேன், மூச்சு முட்டும்வரை.

மேலே வந்து திறந்தால் பெட்டிக்குள் அரை டம்ளர் தண்ணீர். கூட்டம் கசமுசவென்று பேசியது. மாமியார் முகம் செத்துவிட்டது. சகலை கேமராவைக்கூட எடுக்கவில்லை. முதலில் துண்டின் நுனியால் வளையத்தைச் சுற்றி ஒரு துடை துடைத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"பெட்டி சரியில்லீங்க. தம்பி மெட்ராசுலயே பையத்தான் வாங்கச் சொன்னாரு. நாந்தான் கேக்காமப் போயிட்டேன்."

அப்புறம் என்னைப் பார்த்து, "எத்தன நேரமுங்க உள்ளயே இருப்பீங்க? பயந்தே போயிட்டேன்" என்றார்.

கேமரா போய்விட்டது. காலண்டரில் வழக்கம்போல முருகன் வந்தார். ஆனால் எனக்குப் பேர் வந்தது. ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும், காதுகுத்திலும் சகலை அந்தப் பெட்டிக் கதையைச் சொன்னார். தம்பி பேச்சைக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன் என்று முடிப்பார். எந்த மோட்டார் வாங்கலாம், எந்த டேப் ரெக்கார்டர் வாங்கலாம் என்று சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அந்த ஏழெட்டு வருஷம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

மாமியார் காலமாகி, கருமாதி முடிந்த மறுநாள், சகலையும் நானும் அந்தக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"தம்பி, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்தப் பெட்டி நல்ல பெட்டிதான்" என்றார். "வளையத்துல குங்குமம் இருந்துச்சு. தெறந்ததுமே பாத்தேன். வெளிய தெரிஞ்சா என்ன சொல்லியிருப்பாங்க? தாலியறுத்தவ பொட்டு வெச்சா வெளங்குமான்னு பேசியிருப்பாங்க. நாந்தானுங்களே அத்தைய வெக்கச் சொன்னது. அதான் தொடச்சுப்போட்டுப் பெட்டி மேல பழியப் போட்டேன். உங்க பேரையும் சேத்து இழுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க."

நான் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீங்க பாக்கறப்ப அது இருந்திருக்காதுங்க. நான் மூடறப்ப உழுந்திருக்கோணும்" என்றார்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சிட்டிகையை நான் வழித்துவிடாமல் இருந்ததால், யார் தலையில் என்ன விழுந்திருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் ஒரு துடைப்பில் நினைத்துவிட்டார். ஒரே குங்குமத்தைத்தான் இரண்டு பேரும் பார்த்தோம், இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "ஆமாங்கண்ணா, அப்பத்தான் உழுந்திருக்கோணும்" என்று வந்தது.