பி பக்கம் மூன்றாவது பாட்டு

டிபன் கேரியர் மூடிகள் இடித்துக்கொள்ளும் சத்தம்தான் முதலில் கேட்கும். ஓசூர்ப் பனிக்குள்ளிருந்து ஆள் அப்புறம்தான் வெளியே வருவான். நைட் ஷிப்ட் முடித்தவர்களைக் கிருஷ்ணகிரி வரை கொண்டுபோய் இறக்கும் கம்பெனி பஸ் டிரைவர் பிழைப்பு இது. தூங்குகிறவர்களைச் சுமந்துகொண்டு தூங்காமல் ஓட்டுவது என்ன பாடு என்று, ஸ்டியரிங் பிடித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளில் எனக்குத் துணை ஒரு டேப் செட், ஒரே ஒரு கேசட்.

என் கட்சி

பெங்களூரின் பேர்போன மெல்லிசைக் குழு ஒன்று சொந்தமாக மெட்டுப் போட்டு வெளியிட்ட கேசட் அது. மற்ற எல்லாப் பாட்டும் திருவிழாவுக்குத் திருவிழா ஒலித்தது. பி பக்கத்து மூன்றாவது காதல் பாட்டை மட்டும் யாரும் சீண்டவில்லை. நான் சங்கீதம் படித்தவனில்லை, கியர் மாற்றிக்கொண்டே கேட்டுப் பழகியவன். என் தீர்ப்பு: அந்தக் குழு போட்டதில் உண்மையான காதல் பாட்டு அதுதான். மற்றதில் எல்லாம் அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் சரி என்றுவிடுகிறாள். இதில் அவன் கேட்கிறான், தபலா நின்றுபோகிறது, அவள் வெறும் ஹம்மிங்தான். பதிலுக்குக் காத்து நின்றவனுக்கு அந்த இடைவெளி தெரியும். குறையும் உண்டு, இரண்டாம் சரணத்தில் வயலினை லோடு லோடாகக் கொட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம் முன்சீட்டு வெல்டர் நாகப்பாவிடம் விளக்கினேன். "எழவு வீடே இதைவிட ஜோரா இருக்கும், மாத்துண்ணா!" என்றான்.

ஊர் தாண்டியது

கம்பெனி கேட்டில் பி பக்கத்தைப் போட்டால், கடைசிப் பாட்டில் டோலக் அதிரும்போது சூளகிரி வரும். அந்த ஊர்க்காரர்கள் டோலக்குக்குத்தான் கண் திறப்பார்கள். ஒருநாள் மூன்றாவது பாட்டை ரிவைண்ட் செய்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தேன். சூளகிரியில் நிறுத்தினேன், ஒருத்தரும் அசையவில்லை. எல்லோரும் லீவு போலிருக்கிறது என்று கிளப்பிவிட்டேன்.

குருபரப்பள்ளியில் டோலக் அதிர்ந்தது. சூளகிரிக்காரர்கள் பையோடு குதித்து இறங்கி நாலு பக்கமும் பார்த்தார்கள். மெஷின் ஆபரேட்டர் முனிராஜ் கையை விரித்தான்: "டோலக் வராம சூளகிரி எப்படிண்ணா வரும்?"

செட்டுக்கு வந்த ஆபத்து

புகார் பஸ் கான்ட்ராக்டருக்குப் போனது. ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றார். "இன்னொரு புகார் வந்தா செட்டைக் கழட்டிருவேன். அந்தப் பாட்டை அழிச்சிட்டு வேற பதிஞ்சுக்கோ."

செட் போனால் எனக்குக் கண் சொருகும். பாட்டை அழித்தாலோ எதற்காக முழித்திருப்பது என்றே தெரியவில்லை. "அழிக்க மாட்டேங்க. கம்பெனி கேட்லயே, தூங்கறதுக்கு முன்னாடி போட்டுடறேன். அப்புறம் டோலக் வழக்கம்போல வரும்" என்றேன்.

"முழிச்சிருந்து கேட்டாங்கன்னா உன்னையே அடிப்பாங்கப்பா" என்று போய்விட்டார்.

முழித்துக் கேட்டது

மறுநாள் எல்லோரும் ஏறியதும் அறிவித்தேன்: "இந்தப் பாட்டு முடிஞ்சாத்தான் வண்டி நகரும்." விசில் பறந்தது. "டீசல் இல்லன்னா சொல்லுண்ணா, தள்றோம்" என்றான் முனிராஜ். பின்சீட்டில் "பேடா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் கூச்சல். நான் சாவியைத் தொடவேயில்லை. பாட்டு முழுசாக ஓடி முடிந்தது.

அன்று யாரும் ஊர் தாண்டவில்லை; செட் பிழைத்தது. ஆனால் நாகப்பா மட்டும் வழியெல்லாம் கொட்டக் கொட்ட முழித்தபடி வந்தான். கிருஷ்ணகிரியில் படியில் நின்று திரும்பினான். "பாட்டு நல்லாவே இல்லண்ணா. ஆனா அவ கடைசியா என்னாதான் சொல்லியிருப்பான்னு யோசிச்சே என் தூக்கம் போச்சு."

இதைப் புகாரில் சேர்ப்பதா, பாராட்டில் சேர்ப்பதா என்று பிடிபடாமல், விளக்கமாற்றை எடுத்து சீட்டுக்கடியில் கிடந்த வேர்க்கடலைத் தோலைக் கூட்ட ஆரம்பித்தேன்.