குழந்தை இருக்கையும் ஸ்டார்ட்டர் மோட்டாரும்

இரண்டு போல்ட்டில் நிற்கும் குழந்தை இருக்கை, ஸ்கூட்டரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எப்படிக் கெடுக்கும்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஷோரூமில் குழந்தை இருக்கை விற்பதில்லை. அதனால் மகளை அங்கன்வாடிக்குக் கொண்டுவிட, செங்கல் என்ற ஊரில் ஒரு ஒர்க்ஷாப்பில் அதைப் பொருத்தினேன். சில வாரங்களில் கொல்லயில் என்ற ஊர் வளைவில் வண்டி நின்றது. மறுபடி ஸ்டார்ட் ஆகவே இல்லை. பின்னால் லாரி ஹாரன் அடிக்க, மகள் அலறினாள்.

நெய்யாற்றின்கரை ஷோரூமில் சர்வீஸ்காரர் மோட்டாரைத் தொடக்கூட இல்லை.

"சீட்டு வெளிய போட்டதாக்கும், அதான் மோட்டார் போச்சு. வாரண்டி கிட்டாது சேச்சி."

"அப்போ வண்டி வாங்கும்போ நீங்க சுத்தி மாட்டின இரும்புக் கம்பியோ?" என்று கேட்டேன்.

"அது நம்ம சாதனமில்லியா!" என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. கேட்காமல் மாட்டியது என் தப்போ என்றும் தோன்றுகிறது. ஆனால் இருக்கையைக் கழற்றினால் மகள் எதில் உட்காருவாள்? கழற்றிவிடவா, நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகவா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.