மூன்றாவது டப்பா

பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. முதலாளி முதல் டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் மூட்டைக்காரர். கூடவே வண்டியேறிப் போவார், பரிமாறுவார், எல்லோரும் கை கழுவிய பிறகு மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுவார். கட்டும்போது தன்னைக் கணக்கில் சேர்த்ததே கிடையாது. அப்படியே பழகிப்போன ஜென்மம்.

இந்தத் தடவை மூட்டை வீட்டு ஆட்களுக்கு. மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து புண்ணும் ஆறிவிட்டது, சாப்பாடுதான் இறங்கவில்லை. இரண்டு வாய் கொறித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். சாப்பிட்டால்தான் தேறுவாள், மருந்து மட்டும் போதாது என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். அடுப்பங்கரைப் பக்கமே போகாமல் கிடந்தவள், ஒருநாள் தானாகவே வாயைத் திறந்தாள்.

"ஊருக்கெல்லாம் கட்டிக் குடுக்குறீங்க. எனக்கும் ஒரு தடவ கட்டுங்களேன். அந்த மணல்ல உக்காந்தாலாவது பசிக்குதான்னு பாக்கலாம்."

மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து ஐஸ்பெட்டியின் அடியில் அடுக்கினார். குளிர்ச்சிக்கும் ஆச்சு, உருகினால் குடிக்கவும் ஆச்சு. வாழைப்பழம் கறுத்துவிடும், வேண்டாம். மகள் ஒளித்து வைத்திருந்த சாக்லேட்டையும் மோப்பம் பிடித்து வெளியே போட்டார். குழைந்த சோறு, காரமில்லாத கேரட் பொரியல், அவித்த உருளைக்கிழங்கு. ஆளுக்கொன்றாக இரண்டு டப்பா. மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார்.

"இதப் பாத்தா மணலே பயந்து ஓடிடும்பா," என்று மகள் சிரித்தாள்.

"அம்மா பல்லுல ஒரு பொடி மணல் பட்டாலும் தட்டத் தள்ளிடுவா. சும்மா இரு."

நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "வண்டிக்குக் காத்தடிச்சுட்டு வாங்க, ரெண்டு பேரும்," என்று விரட்டினாள்.

வெயில் தாழ்ந்த நேரம் மணலில் பாயை விரித்தார்கள். மனைவிக்கு ஒரு டப்பா, மகளுக்கு ஒரு டப்பா. கையைப் பிசைந்துகொண்டு நின்றார் மூட்டைக்காரர்.

"உங்களுது எங்கப்பா?"

"எனக்குப் பசியில்ல. மிஞ்சினா பாத்துக்குறேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இன்றைக்கு ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது என்றுதானே இத்தனை பாடும்!

மனைவி டப்பாவை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். "நீங்க சாப்பிடாம எனக்கு எப்படி எறங்கும்?"

அவ்வளவு ஆசையாகக் கேட்டவளின் சாப்பாட்டைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று தலையில் தட்டிக்கொண்டார்.

அவள் தன் துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியைச் சுற்றிக் கோணல்மாணலாக டேப்.

"ரெண்டு டப்பாவப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. காத்தடிக்க எதுக்கு அனுப்பினேன்னு நெனச்சீங்க?"

உள்ளே சோறும், ஓரம் தீய்ந்த உருளைக்கிழங்கு வறுவலும். அடுப்பு முன்னால் நின்றிருக்கிறாள்! அவர் ஒரு வாய் வைத்தார். அவளும் வைத்தாள். பேச்சு வளர வளர அவள் டப்பாவில் சோறு குறைந்துகொண்டே வந்தது. யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கடைசியில் அவள் காலி டப்பாவை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

அவர் தன்னுடையதிலிருந்து அள்ளி வைத்தார். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் அவளுக்கே சொன்னார்.

"போதும் போதும், இருட்டிடப்போகுது, சாப்பிடுங்க," என்றாள் அவள், வாய் நிறையச் சோற்றோடு.