துரைமார் மேசையில் என்ன பேச்சு?

போன வாரம் கொட்டு மழையில் நடந்த சங்கதி. எந்தத் தோட்டம் என்று மட்டும் கேட்காதீர்கள்! சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே நான் கிராணி. ஆபீஸில் எழுத்து வேலை. அது போதும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். குடையை மடக்க வேண்டும். மழையா, வெயிலா என்ற பேச்சே கிடையாது.

பால்வெட்டுக்காரர் கருப்பையா, காய்ச்சலில் துவண்ட மகளை முன்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் போயிருக்கிறார். ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் குடை. எதிரே பெரிய துரையின் மோட்டார்... கருப்பையா இறங்கவில்லை. எப்படி இறங்குவார்? பிள்ளை சேற்றில் விழுமே!

மறுநாள் உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலையும் போச்சு, குடியிருந்த இடமும் போச்சு.

அந்த மோட்டாரில் சின்ன துரையும் இருந்தார். சீமையிலிருந்து புதிதாக வந்தவர். பரீட்சைக்காகத் தமிழ் படிக்கிறார். மத்தியானங்களில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசிப் பழகுவார். அன்று பாடத்தை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கிராணி, அது நியாயம் இல்லே. அந்தப் பிள்ளையை நான் பாத்தேன்."

கிராணி என்பவன் அந்தரத்தில் தொங்குகிற பிறவி, ஐயா! லயத்துப் பக்கம் போனால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். பங்களாவில் உட்காரவே முடியாது. இங்கே ஒரு மனிதர் என் எதிரில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறார்...

"இதைப் பெரிய தொரைகிட்டச் சொல்லுங்களேன்" என்றேன், தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு.

"ஞாயிற்றுக்கிழமை பெரிய தொரை பங்களாச் சாப்பாட்டுக்குத் தொரைங்க எல்லாரும் வராங்க. சொல்றேன்."

நான் நம்பினேன். லயத்துக்கு நடந்துபோய், "கொஞ்சம் பொறுங்க, மூட்டை கட்டாதீங்க" என்று கருப்பையாவிடம் சொன்னேன். அவர் மனைவி எடுத்து வைத்த சட்டிகளை மறுபடி அடுப்படியில் வைத்தாள்.

ஞாயிறு பிற்பகல் பங்களாவின் குசினிக்குப் பின்னால் போய் நின்றேன். சமையல்காரர் காதர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன பாய்? பேசினாங்களா?"

"பேசாமலா? ரப்பர் விலை பேசினாங்க. துரைசாணியோட நாய்க்கு வயிறு சரியில்லையாம், அதை ரொம்ப நேரம் பேசினாங்க."

"சின்ன தொரை?"

"வாயைத் தொறந்தாரு லா. 'கருப்பையா'ன்னாரு. அவ்வளவுதான், ஸ்பூன் சத்தம்கூட நின்னுபோச்சு! துரைசாணி, 'சூப் ஆறுது, சாப்பிடுங்க'ன்னாங்க. அவரும் குனிஞ்சு சாப்பிட்டாரு. பாவம், காதெல்லாம் செவந்துபோச்சு."

அட கடவுளே! ஒரு கோப்பை சூப் ஆறக் கூடாதென்று ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை கருப்பையா கிளம்பினார். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது; அதுவாவது புண்ணியம். சைக்கிள் நிறைய மூட்டை. சிம்பாங் ரெங்கம் பக்கம் வேலை கேட்கப் போகிறார்களாம்.

"நீங்க சொன்னீங்களேன்னு இருந்தோம், கிராணியாரே" என்றாள் அவர் மனைவி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க வீட்டிலும் யாரும் இல்லை.

மத்தியானம் சின்ன துரை வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். பாடத்தைத் திறந்தார். பிறகு, "ரொம்ப அநியாயம், கிராணி" என்றார். நேற்றும் சொன்னார். இன்றும் சொன்னார். அந்தப் பங்களாவில் அவருக்கும் யாரும் இல்லை போலிருக்கிறது. தமிழ் மட்டும் நன்றாகத் தேறிவிட்டது.

வெள்ளைக்காரர்கள் நமக்கு நடக்கிற அநியாயத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று யார் சொன்னது? பேசுகிறார்கள் — என்னிடம், தமிழில்.