குறி சுடாத மாடு

அந்த மாட்டுக்குக் குறி சுட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னவள் நான்தான். இத்தனை வருடம் கழித்தும் அதை எழுதக் கை கூசுகிறது.

நெடுந்தீவில் மாடுகளைக் கட்டிப்போட்டு வளர்ப்பதில்லை. கல் வேலிகளுக்கு அப்பால் அவை இஷ்டத்துக்கு மேயும். யாருடைய மாடு என்பதற்குத் தொடையில் சுட்ட குறிதான் அத்தாட்சி. குடும்பத்துக்கு ஒரு குறி. அதைக் கண்ட பிறகு யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. புது மாடு வந்தால் அன்றைக்கே அடுப்பில் கம்பி காயும். அப்பா போன பிறகு அம்மாவே கம்பியைப் பிடித்தார். எங்கள் ஏழு மாடுகளிலும் இருந்தது அவர் கையால் சுட்ட குறி.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்கு அடுத்த வருடம் கறவை மாடு கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகுமா அரசாங்கத்தை நம்பினீர்கள் என்று யாராவது கேட்கலாம். நம்பினோம். கொழும்பில் வீடு எரிந்து, கட்டிய துணியோடு கப்பலில் வந்து இறங்கியவர்களைக் கண்ட பிறகும் நம்பினோம். ஒரு மாட்டில் என்ன சூது இருக்கப்போகிறது என்று நினைத்தோம். நான் தீவுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஊராரின் விண்ணப்பங்களை எல்லாம் நிரப்பிக் கொடுத்ததும் நானே.

இறங்குதுறையில் பந்தல் போட்டார்கள். கொழும்பிலிருந்து பெரிய பதவிக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கும் மாலை, மாடுகளுக்கும் மாலை. அம்மா நல்ல சேலை உடுத்திப் போய்க் கயிற்றைக் கையில் வாங்கினார். படம் எடுத்தார்கள். சிவலைப் பசு, நெற்றியில் வெள்ளை. அம்மா கையெழுத்து வைத்ததும் கூட வந்த அதிகாரி சொன்னார்:

"அம்மா, இதுக்குக் குறி சுட்டுப்போடாதேங்கோ. அரசாங்க இலக்கம் காதிலை குத்துவம். அதுமட்டும் பொறுங்கோ."

அம்மா என்னைப் பார்த்தார். "குறி இல்லாமல் எப்பிடிப் பிள்ளை விடுறது?"

"அரசாங்கம் தந்த மாடம்மா. ஆர் களவெடுக்கப் போறாங்கள்?" என்று சிரித்தேன்.

பிறந்த கன்றைக்கூட ஒரு நாள் குறியில்லாமல் விடாத மனுசி அன்று எனக்காகக் கம்பியைத் திரும்பவும் கூரை இறப்பில் செருகி வைத்தார்.

ஐந்தாம் நாள் அதே ஆட்கள் வந்தார்கள். மாடுகளுக்கு ஊசி போட வேண்டும், அக்கரையில் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டு போய் மறுநாள் கொண்டு வருவோம் என்றார்கள். கொடுத்த மாடுகள் அத்தனையையும் வள்ளத்தில் ஏற்றினார்கள். வழியில் பசிக்குமே என்று அம்மா ஒரு கட்டுக் குழையும் கூடக் கொடுத்து விட்டார். அந்தக் குழையை நினைத்தால்தான் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

மாடு வரவில்லை. அடுத்த மாதம் யாழ்ப்பாணப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. வேறொரு தீவு, வேறொரு பெண், அவள் கையில் எங்கள் சிவலை. மாலை மட்டும் புதிது. தீவு தீவாக அதே மாடுகளைக் காட்டிப் படம் பிடித்திருக்கிறார்கள். ஏட்டில் எல்லா ஊருக்கும் மாடு கிடைத்துவிட்டது.

ஊர் சிரித்தது. விசாரணை வந்தது. மூன்று பேர் வந்து, என் வகுப்பறையில் என் கதிரையிலேயே இருந்துகொண்டு அம்மாவைக் கேட்டார்கள்.

"உங்கட மாடு எண்டதுக்கு என்ன அடையாளம்?"

"நெத்தியிலை வெள்ளை."

"அப்பிடி எத்தினை மாடு இருக்கும். குறி இருக்கோ?"

"உங்கட ஆக்கள்தானே சுட வேண்டாம் எண்டவை!"

"அது எழுத்திலை இருக்கோ அம்மா?"

எழுத்தில் இருந்தது அம்மாவின் கையெழுத்து. மாடு பெற்றுக்கொண்டேன் என்ற கையெழுத்து. அதைத் தூக்கிக் காட்டினார்கள். மாடுகள் வறட்சியில் இறந்தன என்று நாக்கூசாமல் அறிக்கை எழுதினார்கள். அந்த மாரியில் பள்ளிக்கூட முற்றத்தில் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. பந்தலில் மாலை வாங்கிய பெரியவர் வேறொரு பதவிக்குப் போனார். வெட்கம் கெட்டவர்கள்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு மாட்டோடு போயிருக்கும். மறு வருடம் தொண்டை வீங்கி மாடுகள் சாகும் நோய் தீவுகளில் பரவியது. ஒரு இளம் மாட்டு டொக்டர் ஐஸ் பெட்டியில் மருந்தோடு தனியாக வந்து, பள்ளிக்கூட முற்றத்து வெயிலில் நின்றார். பந்தல் இல்லை, படம் இல்லை. நல்ல மனிதர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நான் வீட்டுக்கு ஓடினேன்.

"ஊசி எண்டு சொல்லித்தானே அதையும் கொண்டு போனவங்கள்" என்றார் அம்மா.

"இவர் அப்பிடியான ஆள் இல்லை அம்மா."

"அண்டைக்கும் நீ இதைத்தான் சொன்னனீ."

அம்மா ஏழு மாடுகளையும் ஒளித்து வைக்கத் தெற்குப் பற்றைக் காட்டுக்குச் சாய்த்துக்கொண்டு போனார். ஊர் முழுவதும் அதைத்தான் செய்தது. டொக்டர் பின்னேர வள்ளத்தில் மருந்தைத் திருப்பிக் கொண்டு போனார். அந்த மாதத்துக்குள் எங்கள் மாடுகளில் ஆறு செத்தன. அவை மூச்சுக்குத் திணறும் சத்தம் குசினி அடுப்படி வரைக்கும் கேட்டது. அம்மா பக்கத்தில் இருந்து தடவிக் கொடுத்தார், யாரையும் திட்டவில்லை. நான் திட்டினேன். இன்றைக்கும் திட்டுகிறேன். களவு போனது ஒரு சிவலைப் பசுதானே என்று என் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம்.

மிஞ்சிய ஒரு பசு அடுத்த வருடம் கன்று போட்டது. அன்று காலையில்தான் கால்நடைக் கணக்கெடுக்க ஒருவர் படிவத்தோடு வந்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் பேனையை வாங்கி, மாடு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிள்ளைகளுக்குப் பொய் எழுதாதே என்று சொல்லிக்கொடுக்கும் அதே கையால்.

வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கன்று கத்தியது. அவருக்கும் கேட்டது. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எல்லா வீட்டிலையும் இப்பிடித்தான் ரீச்சர்" என்றார்.

அவர் படலையைத் தாண்டியதும் அம்மா இறப்பிலிருந்து கம்பியை இழுத்து அடுப்பில் வைத்தார். கன்றின் கால்களை நான் பிடித்துக்கொண்டேன்.