வெர்னா மோயர் கேட்ட விலை

வெர்னா மோயரிடம் கழுவின காசைத் தள்ளிவிட்டவன் பென்சில்வேனியாவிலேயே கிடையாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. இந்த மாதிரிப் பேச்சில் பாதி பொய்யாகத்தான் இருக்கும். இதில் பொய் இல்லை.

பழைய வெள்ளிக் காசு வியாபாரத்தில் மன்னிப்பே இல்லாத குற்றம் கழுவுவதுதான். நாடு பிறந்த புதிதில் அடித்த டாலரும் அரை டாலரும் இருநூறு வருடக் காற்று பட்டுச் சாம்பல் பூத்திருக்கும். எழுத்துகளின் இடுக்கில் கறுத்திருக்கும். அந்தக் கறுப்புக்குத்தான் விலை. எவனோ ஒரு புண்ணியவான் விருந்தாளிக்குக் காட்டுவதற்காகச் சமையல் சோடா போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருப்பான். பாதி மதிப்பு அன்றே போச்சு. அவனாவது அசடு. தேய்த்ததை மறைக்க மருந்து தடவித் திரும்பக் கறுக்க வைக்கிறான் பாருங்கள், அவன் அயோக்கியன். அந்த அயோக்கியர்களுக்கு வெர்னா என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

ரெடிங் நகரத்துக் காலுறை ஆலையில் குறை பார்க்கும் வேலையில் இருந்தவள் அவள். ஆலையை மூடினார்கள். அதே வருடம் கணவன் கிளேட்டனும் போய்ச் சேர்ந்தான். அவன் ஆசைக்கு வாங்கி வைத்திருந்த காசுகளை விற்க வந்தவள், விற்க மனமில்லாமல் வாங்க ஆரம்பித்தாள். குழந்தை குட்டி இல்லை. மாதம் ஒரு ஞாயிறு தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடக்கும் காசுச் சந்தையில் ஜன்னலோரத்து மேஜை அவளுடையது. மற்ற இருபத்தொன்பது நாளும் அவள் அந்த ஒரு நாளுக்காகத்தான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

காசை விளிம்பில் பிடித்து விளக்கடியில் மெல்லச் சாய்ப்பாள். தேய்க்காத வெள்ளியில் ஒளி வழுக்கிக்கொண்டு சுற்றி வரும். தேய்த்த வெள்ளியில் நின்ற இடத்திலேயே நிற்கும். "இதை யாரோ குளிப்பாட்டிருக்காங்க, எடுத்துட்டுப் போங்க" என்பாள். அதற்கு மேல் வாதம் கிடையாது.

அந்தக் கண்ணில்தான் இரண்டு வருடமாகக் கோளாறு. எதை நேராகப் பார்த்தாலும் நட்ட நடுவில் மட்டும் ஒரு மூட்டம். இனி சரியாகாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். வெர்னா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஓரக்கண் இருக்கிறது, விரல் இருக்கிறது, இத்தனை வருடப் பழக்கம் இருக்கிறது, போதும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அவள் வாங்கியது எல்லாம் நல்ல விலைக்குப் போய்க்கொண்டும் இருந்தது. பிறகு எதற்குக் கவலை?

அவளிடமிருந்து வாங்கியது பெரும்பாலும் பக்கத்து மேஜை எல்வுட் டிராக்ஸல். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன். சந்தையில் தீயணைப்பு நிலையத்து மகளிர் அணி விற்கும் கோழி சோளச் சூப்புக்கே பேரம் பேசி, கரண்டியால் அடி வாங்கப் பார்த்தவன். வெர்னாவும் அவனும் ஒரே ஒரு டாலருக்காக ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருக்கிறது. இருவருக்கும் அது ஒரு சுகம். அதற்குள் வேறு ஏதாவது இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

அந்த நவம்பர் ஞாயிறு, ஒஹாயோக்காரன் ஒருவன் ஓர் அரை டாலர் கொண்டு வந்தான். 1795. விரித்த கூந்தலோடு ஒரு பெண் தலை பதித்தது. வெர்னா எடை போட்டாள், சரியாக இருந்தது. விளிம்பைச் சுற்றியிருந்த எழுத்தை நகத்தால் தடவினாள், அதுவும் சரி. கூந்தல் மேல் குறுக்குக் கோடுகள் தட்டுப்பட்டன. அச்சடிக்கும் முன் எடையைக் குறைக்க நாணயச் சாலையிலேயே அரம் போட்ட கோடு, அதில் குற்றமில்லை. இடுக்கில் கறுப்பு தெரிந்தது. விளக்கடியில் சாய்த்தாள். ஒளி சுற்றி வந்தது போலத்தான் இருந்தது.

மூவாயிரத்து நூறு கொடுத்து வாங்கினாள். மனசு குளிர்ந்துபோயிற்று. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் எல்வுட் வந்து நின்றான். காசை எடுத்தான், சாய்த்தான், வைத்தான்.

"என்ன விலை, மகாராணி?"

"மூவாயிரத்து அறுநூறு. உன் மூஞ்சிக்கு மூவாயிரத்து எழுநூறு."

"அறுநூறே இருக்கட்டும்." எல்வுட் பணத்தை எண்ணி மேஜையில் வைத்தான்.

வெர்னா பணத்தைத் தொடவில்லை.

"டேய் கஞ்சப்பயலே, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கேன்."

"என்கிட்ட நீ என்னிக்குடா கேட்ட விலையைக் கொடுத்திருக்க?"

"வயசாச்சில்ல. கத்தறதுக்குத் தொண்டை இல்ல."

"போன வாரம் டயர்க்காரன்கிட்ட ரெண்டு டாலருக்காகத் தெருவே அதிரக் கத்துனியாமே. அதுக்கு மட்டும் தொண்டை எங்கேருந்து வந்துது?"

எல்வுட் தரையைப் பார்த்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன மாதமும் அவன் பேரம் பேசவில்லை. அதற்கு முந்தின மாதமும் இல்லை. தன் கண்ணுக்குக் கிடைத்த மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது அவன் போட்ட பிச்சை.

"உக்காரு," என்றாள். "அதைக் கையில எடு. உனக்கு என்ன தெரியுதுன்னு சொல்லு."

"வேணாம் வெர்னா."

"சொல்லுடா."

எல்வுட் காசை விளக்கடியில் பிடித்தான். "அரம் போட்ட கோடு சரிதான். அதுக்குக் குறுக்கால, முகம் பூரா, துணி போட்டுத் தேய்ச்ச கோடு ஓடுது. மேல இருக்கிற கறுப்பு மருந்து. கன்னத்துல ஒரே சீரா, மை தடவின மாதிரி இருக்கு." காசைக் கீழே வைத்து, "எடுத்தவுடனே தெரியுது," என்றான்.

"இதுக்கு முன்னாடி எத்தனை?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"எத்தனைடா?"

"எட்டோ ஒன்பதோ. வீட்டுல இருக்கு. விக்கல. வித்தா, வெர்னா மேஜையிலேருந்து வந்ததுன்னு பேராயிடும்."

கருமி என்று ஊரே சிரித்த மனிதன், ஒருத்தியின் பெயர் கெடாமல் இருக்கக் கழுவின காசை முழு விலைக்கு வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறான். வெர்னாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. அழவில்லை. எதிரே கிடந்த பணத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"இதை எடுத்துக்கோ. இப்ப சரியான விலை சொல்லு. என்னைப் பார்த்துச் சொல்லாதே, காசைப் பார்த்துச் சொல்லு."

"ஆயிரத்து நானூறு," என்றான் எல்வுட், குரல் எழும்பாமல்.

"ஆயிரத்து ஐநூறு."

"சரி, ஐநூறே..."

"எல்வுட்!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். "ஒழுங்கா பேசு! இந்த ஒரு தடவை என்னை ஒரு வியாபாரியா நினைச்சுப் பேசு."

எல்வுட் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு பழைய குரலில், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். "மேலெல்லாம் மருந்து தடவின குப்பைக்கு ஆயிரத்து ஐநூறா? யார் காதுல பூ சுத்தறே? ஆயிரத்து நானூறுக்கு மேல ஒரு செப்புக் காசு தர மாட்டேன். இஷ்டமிருந்தா கொடு, இல்லாட்டி உன் சூப்புல போட்டுக் குடி!"

"நானூற்று ஐம்பது."

"நானூறு!" கத்தும்போதே அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் கண்ணுக்கு அது தெரியவில்லை.

"எடுத்துக்கோ," என்றாள் வெர்னா. கையை நீட்டினாள். அவன் குலுக்கினான்.

ஆயிரத்து நானூறை வாங்கி, எண்ணாமலே பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "அடுத்த மாசத்துலேருந்து இந்த மேஜையை வேற யாருக்காவது கொடுத்துடச் சொல்லிடு," என்றாள்.

எல்வுட் அதற்கும் பேரம் பேசுவான் என்று ஒரு நொடி காத்துக்கொண்டு நின்றாள். அவன் பேசவில்லை.